தேக்கங்காட்டிலிருந்து சுற்றுலா முகாமுக்கு: தாய்லாந்து யானைகளின் கதை

தாய்லாந்தின் பழைய கொடியில் வெள்ளை யானை ஒன்று நின்றது. 1917ஆம் ஆண்டில்தான் அதற்குப் பதிலாக இன்றைய மூவர்ணக் கொடி வந்தது. 1593ஆம் ஆண்டில் நரேசுவான் மன்னர் யானை மீதமர்ந்து பர்மிய இளவரசரைப் பொருது வென்றதாக அந்நாட்டு வரலாறு பெருமையுடன் கூறுகின்றது. போர்க்களத்திலும் கொடியிலும் இடம்பெற்ற அதே விலங்கு, 1939ஆம் ஆண்டின் சட்டமொன்றில் மாடு, எருமை, குதிரை ஆகியவற்றுடன் ஒரே வரிசையில் வைக்கப்பட்டது. காட்டு யானைகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேறாக உண்டு. மனிதர் வளர்க்கும் யானையோ சட்டத்தின் பார்வையில் ஒரு வேலை விலங்கு. பதிவுப் பத்திரத்துடன் அதனை வாங்கலாம், விற்கலாம். அந்நாட்டின் யானை முகாம்களில் இன்று நடப்பவற்றை விளங்கிக்கொள்ள இந்த முரணிலிருந்தே தொடங்க வேண்டும்.

யானைக்குப் பெருமளவில் வேலை கொடுத்தது தேக்கு மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்னியோ கம்பனி, பொம்பாய் பர்மா வர்த்தகக் கம்பனி போன்ற பிரித்தானிய நிறுவனங்கள் வட சியாமின் காடுகளுக்குள் புகுந்தன. வெட்டிய மரங்களை மலைச்சரிவுகளிலிருந்து ஓடைகளுக்கு இழுத்து வந்தவை யானைகளே. மழைக்காலத்து வெள்ளம் அம்மரங்களைப் பிங், வாங், யோம், நான் ஆகிய ஆறுகளின் வழியே சாவோ பிரயா ஆற்றுக்கும், அங்கிருந்து பாங்கொக்குக்கும் கொண்டு சேர்த்தது. கரென் இன மக்கள் பலர் தலைமுறை தலைமுறையாகப் பாகர்களாக இத்தொழிலில் வாழ்ந்தனர்.

1988 நவம்பரில் தென் தாய்லாந்தில் பெருமழை பெய்தது. காடழிந்த மலைகளிலிருந்து மண்ணும் வெட்டுமரங்களும் சரிந்து கிராமங்களை மூடின. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மக்களின் கொதிப்பைக் கண்ட பிரதமர் சட்டிசாய் சுனவானின் அரசு, 1989 ஜனவரியில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. காட்டைக் காப்பாற்றிய நல்ல முடிவு அது. ஆனால், அந்த முடிவினால் வேலையிழந்த யானைகளுக்கு யார் உணவளிப்பது என்ற வினாவுக்கு அப்போது விடை இருக்கவில்லை. வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு 150 கிலோகிராமும் அதற்கு மேலும் உண்ணும்.

சில பாகர்கள் யானைகளுடன் பாங்கொக் நகரின் தெருக்களுக்கு வந்து, வழிப்போக்கர்களுக்கு வாழைப்பழமும் கரும்பும் விற்று, அவற்றை யானைக்கே ஊட்டச் செய்து பிழைத்தனர். வேறு சிலர் எல்லை தாண்டிப் பர்மாவின் மரக்கூப்புகளுக்குச் சென்றனர். அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. 1999ஆம் ஆண்டில் மோத்தலா என்ற பெண் யானை எல்லைப்புறத்தில் கண்ணிவெடியில் கால் வைத்தது. முன்னங்காலின் அடிப்பாகத்தை இழந்த அதற்கு லாம்பாங்கிலுள்ள யானை மருத்துவமனை சிகிச்சை அளித்தது. பத்து ஆண்டுகளின் பின், 2009இல், செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. கண்ணிவெடி என்றால் என்னவென்று அறிந்த வன்னி மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எஞ்சிய யானைகளில் பெரும்பாலானவற்றை உள்வாங்கியது சுற்றுலாத்துறை. முதலில் முதுகில் இருக்கை கட்டிச் சவாரி. பந்து உதைத்தல், சித்திரம் தீட்டுதல் முதலிய வேடிக்கைகள். அவற்றுக்கு வெளிநாட்டவரின் கண்டனம் எழுந்தபோது, 'ஒரு நாள் யானைப் பராமரிப்பு' என்ற புதிய வடிவம் பரவியது. அத்தகைய முகாமொன்றில் நானும் ஒரு பகல் முழுவதையும் கழித்திருக்கின்றேன். சியாங் மாய் நகரிலிருந்து மலைப்பாதையில் சென்று, வாழைத்தண்டு வெட்டினேன், கரும்பு சுமந்தேன், செரிமானத்துக்காகப் புளியும் உப்பும் பிசைந்து உருண்டை பிடித்தேன், பின்னர் ஆற்றில் இறங்கி, முதிய பெண் யானையொன்றின் முதுகைத் தேய்த்துக் கழுவினேன். இளமையில் அது மரம் இழுத்ததாகப் பாகனான கரென் இளைஞர் வழிகாட்டியின் மூலம் சொன்னார். அவருடைய தந்தையும் மரக்கூப்பில் வேலை செய்தவராம். நான் செலுத்திய கட்டணத்தில்தான் அன்றைய தீனியும் அவருடைய கூலியும் அடங்கியிருந்தன. மரம் இழுத்த யானை இப்போது எங்களை இழுக்கின்றது என்று எனக்குத் தோன்றியது. அதன் வேலைதான் மாறியிருந்தது, வேலை ஓயவில்லை.

இந்த ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதை 2020ஆம் ஆண்டின் கொவிட் முடக்கம் காட்டியது. விமானங்கள் நின்றன, முகாம்கள் வெறுமையாயின. சியாங் மாய்ப் பகுதியிலிருந்து 100க்கும் மேற்பட்ட யானைகள், சில 150 கிலோமீற்றர் வரை நடந்து, மே செம் மாவட்டத்துக் கரென் கிராமங்களுக்குத் திரும்பின. பிழைப்புத் தேடிப் புறப்பட்ட வழியே பசி அவற்றைத் திருப்பி அனுப்பியது.

இலங்கையருக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காடுகளில் பிடித்த யானைகள் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டி வரப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன; ஆனையிறவு என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது. அண்மைக்கால நிகழ்வு இன்னும் நெருடலானது. 2001ஆம் ஆண்டில் தாய்லாந்து இலங்கைக்கு அன்பளிப்பாக வழங்கிய யானைகளுள் ஒன்றான சக் சுரின், முத்துராஜா என்ற பெயருடன் விகாரையொன்றில் வளர்க்கப்பட்டது. உடலில் சீழ்க்கட்டிகளுடனும் மடக்க இயலாத முன்னங்காலுடனும் அது வதைபடுவதாக விலங்குநல ஆர்வலர்கள் குரலெழுப்பினர். 2023 ஜூலை 2ஆம் திகதி சரக்கு விமானமொன்றில் அது சியாங் மாய்க்குத் திருப்பி அனுப்பப்பட்டது. இலங்கைப் பிரதமர் தாய்லாந்துப் பிரதமரிடம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஊர்வலத்தில் பேழை சுமக்கும் யானையை வணங்குகின்றோம். ஊர்வலம் முடிந்தபின் அதன் காலைப் பார்ப்பவர் யார்?

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் தாய்லாந்துக்கு விடுமுறையில் செல்லும் வாசகர்கள் பலர். அங்கு போகவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லோரும் போகாதிருந்தால் என்ன நேரும் என்பதை 2020 காட்டிவிட்டது. ஆனால், பணம் செலுத்துமுன் சில வினாக்களைக் கேளுங்கள். இரவில் யானை எத்தனை மணி நேரம் சங்கிலியில் நிற்கின்றது? முகாமிலுள்ள குட்டி எங்கிருந்து வந்தது, அதனைத் தாயிடமிருந்து எப்போது பிரித்தார்கள்? பாகனுக்கு மாதக் கூலி எவ்வளவு? மனம் கோணாமல் விடை சொல்லும் முகாமில் உங்கள் பணத்தைக் கொடுங்கள். வினாவைக் கேட்டதும் பேச்சை மாற்றுகின்ற இடமாயின், வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.