வோல்ட்டாவின் காதும் 1790 என்ற ஆண்டும்

காக்ளியர் இம்ப்ளான்ட்டின் வரலாற்றைச் சொல்லும் மருத்துவக் கட்டுரைகள் பலவும் ஒரே செய்தியோடு தொடங்குகின்றன: சுமார் 1790இல் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா தம் காதுகளில் உலோகக் கம்பிகளைச் செருகி, 50 வோல்ட் மின்சாரம் பாய்ச்சி ஒலி கேட்டார்; செவி நரம்பு மின்சாரத்தால் தூண்டப்பட்ட முதல் நிகழ்வு அது. இதில் ஆண்டு, மின்னழுத்தம், முடிவு ஆகிய மூன்றுமே மூல ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை.

மூல ஆவணம், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு வோல்ட்டா பிரெஞ்சில் எழுதிய கடிதம். வெள்ளி, துத்தநாகத் தகடுகள் இரண்டை மட்டும் வைத்துக் காதில் முயன்றபோது ஒன்றும் நிகழவில்லை என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். முப்பது, நாற்பது இணைகள் கொண்ட புதிய மின்கல அடுக்கு கைக்கு வந்த பிறகே பலன் கிடைத்தது. அந்த அடுக்கு உருவானது 1799இன் இறுதியில். ஆகவே 1790 என்பது நிற்காது. கடிதத்தின் தலைப்பில் 1800 மார்ச் 20 என்றிருக்கிறது. ஆனால் முதற்பகுதி முன்னதாகவும் எஞ்சியது பிறகும் லண்டன் போய்ச் சேர்ந்ததால், காதுச் சோதனைக்கு அந்த நாளையே எல்லையாகக் கொள்ளத் தயங்க வேண்டியிருக்கிறது. ராயல் சொசைட்டியில் கடிதம் வாசிக்கப்பட்ட ஜூன் 26ஐப் பின்னெல்லையாகக் கொள்வதே பாதுகாப்பு.

கடிதத்தில் 50 வோல்ட் இல்லை. வோல்ட் என்ற அலகே அவர் பெயரால் பின்னாளில் வந்தது. இணைக்கு ஏறத்தாழ 1 வோல்ட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் நாற்பதைத் தாண்டாது.

முடிவுதான் முக்கியம். சுற்றை மூடியதும் வோல்ட்டாவின் தலையில் அதிர்ச்சி தாக்கியது. ஒலி உடனே வரவில்லை. சில கணம் கழித்தே, பிசுபிசுப்பான கூழ் கொதிப்பது போன்ற படபடப்பு தொடங்கி, மின்சாரம் ஓடும்வரை நீடித்தது. மூளைக்கு ஆபத்து என்று அஞ்சிச் சோதனையை அவர் மறுபடி செய்யவில்லை. அதே கடிதம் சொல்லும் கண் சோதனையில் தோன்றிய மின்னலோ சுற்று மூடிய கணத்திலேயே வந்தது. காதில் மட்டும் ஏன் இந்தத் தாமதம்? ஈரமான செவிக்குழாயில் உலோக முனைகளைச் சுற்றி வாயுக் குமிழிகள் எழுந்திருக்கலாம். நல்ல செவி அந்தச் சத்தத்தைக் காற்றொலியாகவே கேட்டிருக்கலாம். நீர் மின்சாரத்தால் பிரிவதை நிக்கல்சனும் கார்லைலும் கண்டது அதே 1800இல்தான். இது ஊகம், ஆனால் நரம்பு தூண்டப்பட்டது என்பதும் ஊகமே, அதற்கும் கடிதத்தில் சான்றில்லை. செவி நலமாக இருந்தால் மாறுமின்சாரம் காதுத் திசுக்களை அதிரவைத்தே ஒலியை உண்டாக்க முடியும் என்று 1930களில் ஆய்வாளர் ஸ்டீவன்ஸ் காட்டியதும் இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது.

ஐயத்தைத் தீர்க்க, உட்செவியின் காக்ளியா செயலிழந்த ஒருவர் தேவைப்பட்டார். கண் விஷயத்தில் இந்தச் சோதனை முந்திக்கொண்டது: 1755இல் ஷார்ல் லெ ருவா பார்வையற்ற ஒருவரின் தலை வழியே, மின்னூட்டம் தேக்கும் லெய்டன் ஜாடியின் மின்சாரத்தைச் செலுத்த, அவருக்கு ஒளி தெரிந்தது. செவிக்கு 1957 பிப்ரவரி 25 வரை காத்திருக்க நேர்ந்தது. கொலெஸ்டியடோமா என்ற காது நோய்க்கு இருபுறமும் அறுவை செய்துகொண்டு செவிப்புலனை முழுதாக இழந்த ஒருவருக்கு, பாரிஸில் ஷார்ல் ஏரியெஸ், அந்த்ரே ஜூர்னோ உருவாக்கிய தூண்டு சுருளைப் பொருத்தினார். மின்முனை பட்டது காக்ளியாவில் அல்ல, எஞ்சியிருந்த நரம்பில். தாழ்ந்த அதிர்வெண் சாக்குத் துணி கிழிவதாகவும், உயர்ந்தது பட்டு கிழிவதாகவும் நோயாளிக்குக் கேட்டது. கருவி பழுதாகி, மாற்றிப் பொருத்தியதும் பழுதானது. பேச்சு முழுதாக விளங்கவுமில்லை. ஆனாலும் அதிர்வதற்குக் காக்ளியா இல்லாத இடத்தில் கேட்ட ஒலிக்கு நரம்பைத் தவிர வேறு விளக்கம் கிடையாது.

இதையும் 'முதல்' என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. 1950இல் ஸ்வீடனின் லுண்ட்பெர்க் ஓர் அறுவைச் சிகிச்சையின்போது செவி நரம்பைத் தூண்டியிருக்கிறார். நோயாளிக்கு இரைச்சல்தான் கேட்டது. 1961இல் வில்லியம் ஹவுஸ் காக்ளியாவுக்குள்ளேயே மின்முனையைச் செலுத்தியதைத் தொடக்கமாகக் கொள்வோரும் உண்டு. இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும் வாதிட இடமிருக்கிறது. 1790க்கு அந்த இடம்கூட இல்லை.