தோல்வண்டும் மண்டையோடும்

தோல்வண்டு என்பது உலர்ந்த இறைச்சி, தோல், மயிர், இறகு ஆகியவற்றைத் தின்று வாழும் டெர்மெஸ்டீஸ் பேரினத்து வண்டு. தோலைத் தின்பது என்பதே அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். விலங்கின் மண்டையோட்டில் ஒட்டிய சதையை இதன் புழுக்களுக்கு இரையாக விட்டு, எலும்பைச் சேதமில்லாமல் எடுக்கும் முறை இன்று வேட்டைச் சின்னம் செய்பவர்களிடம் பரவலாக உள்ளது. அதனால் இது வேட்டைக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட தொழில் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. இந்த வண்டைக் கூலியாளாக்கியது நூதனசாலை. வேட்டைக்காரர் பின்னால் வந்து அந்த வித்தையை எடுத்துக்கொண்டார்கள். இலங்கையின் வடக்கில் வேட்டைக்குப் பேர்போன வன்னியையே எடுத்துக்கொள்வோம். அங்கே தோல்வண்டு கருவாட்டுக்கு எதிரி. உப்புக் குறைவாக இட்டுக் காயவைத்த மீனை அது முதலில் பிடிக்கும். காட்டோரக் கிராமங்களில் மரை இறைச்சியை வத்தலாக்கிச் சேமித்தவர்களுக்கும் உலர்ந்த ஊனைத் தின்னும் பூச்சி வேண்டாத விருந்தாளிதான். அதை வளர்ப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

மண்டையோட்டைச் சுவரில் மாட்டும் ஆசையே வன்னிக்குப் பிந்தி வந்த ஒன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான வன்னியர்கள் திறையாகச் செலுத்தியது யானை. அதுவும் உயிருள்ள யானை. யாழ்ப்பாணத்தில் விலைபேசப்பட்டு இந்தியக் கரைகளுக்குக் கப்பலேறிய அந்த விலங்குகள் கடல்நீரேரியைக் கடந்த இடத்துக்கு ஆனையிறவு என்ற பெயர் இன்றும் நிற்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில்தான் செத்த யானைக்கு விலை வந்தது. பயிரைக் காக்கும் பெயரில் தலைக்குச் சில சிலிங் பரிசு அறிவிக்கப்பட்டது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக, அப்போது இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். (அன்றைய வட மாகாணம் வன்னியோடு நுவரகலாவியவையும் அடக்கியது.) இத்தனை சாவிலும் மண்டையோடுகள் வீடு சேர்ந்தது அருமை. இலங்கை யானைகளில் தந்தம் உள்ளவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்கிறார் அவரே. தந்தமில்லாத பெருந்தலையைக் காட்டிலிருந்து யார் சுமப்பது? சாமுவேல் பேக்கர் போன்ற வேட்டைக்காரர் வாலை அறுத்துக்கொண்டு போனார்கள். மிச்சத்தை நரியும் எறும்பும் பார்த்துக்கொண்டன.

இங்கேதான் மறுப்பு எழும்: எறும்பும் பூச்சிதானே, புற்றருகே தலையைப் போட்டுவைப்பதும் மண்ணில் புதைத்து எடுப்பதும் இதே முறைதானே என்பார்கள். எகிப்திய மம்மிகளிலேயே தோல்வண்டின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன என்றும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் தானாக வந்த பூச்சியைத் தின்னவிடுவது வேறு, இன்ன நாளில் இன்ன மண்டையோட்டைத் தின்னும்படி பெட்டிக்குள் குடிவைத்து வளர்ப்பது வேறு. மம்மிக்குள் புகுந்தது கள்ளன், வேலைக்காரன் அல்ல. எறும்பும் மண்ணும் சிறு எலும்புகளை இழுத்துச் சிதறடிக்கும். நீரில் அவித்தால் பற்கள் கழரும், பொருத்துகள் விடும், மூக்கினுள்ளே தாள்போல் மெல்லிய எலும்புகள் சதையோடு போய்விடும். வேட்டைக்காரருக்கு இது பெரிய இழப்பல்ல, கொம்பும் கோரைப்பல்லும் இருந்தால் போதும். எலியின் மண்டையோட்டை அளந்து இனம் பிரிக்க வேண்டிய ஆய்வாளருக்கோ அந்த மெல்லிய எலும்பே முக்கியம். ஆகவேதான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்சஸ் பல்கலைக்கழக நூதனசாலையில் சார்ல்ஸ் பங்கர் வண்டுக் குடிகளை வளர்த்துப் பழகினார். கலிபோர்னியாவின் பெர்க்லி நூதனசாலையைச் சேர்ந்த ஹோல், ரசல் இருவரும் 1933இல் பாலூட்டியியல் இதழில் முறையை விரித்து எழுதினார்கள்.

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். தோலுரித்து, மூளையும் கண்ணும் நீக்கி, தலையை உலர்த்திப் பெட்டியில் வைப்பார்கள். ஈரச்சதையில் பூஞ்சணம் பிடித்தால் குடி கெடும். வேலை செய்பவை பெரும்பாலும் மயிரடர்ந்த புழுக்களே. இளஞ்சூடும் இருளும் அவற்றுக்கு உகந்தவை. சிறு மண்டையோடு சில நாளில், பெரியது சில வாரங்களில் சதை நீங்கிச் சுத்தமாகிவிடும். பிறகு உறையவைத்து ஒட்டியுள்ள புழுக்களைக் கொன்று, கொழுப்பை அகற்றி, ஐதரசன் பெரொக்சைட்டில் நிறம் எடுப்பார்கள். குளோரின் கலந்த வெளுப்பி எலும்பையே அரித்துவிடும்.

வண்டைத் தெரிந்திருந்த பாடம் செய்வோரும் இதைப் பயன்படுத்தியிருப்பார்களே என்ற கேள்வி எஞ்சுகிறது. அவர்களுக்கு அதை நன்றாகவே தெரியும், ஆனால் அஞ்சத்தக்க பகைவனாக. பதப்படுத்திய தோலை அது சல்லடையாக்கும் என்பதால்தான் 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஆசனிக் சவர்க்காரத்தைத் தோலின் உட்புறம் பூசினார்கள், தங்கள் உடம்புக்கு அது நஞ்சு என்பதையும் பொருட்படுத்தாமல். இன்றும் வண்டு வளர்க்கும் நூதனசாலைகள் அதன் அறையைச் சேகரிப்பு அறையிலிருந்து தள்ளியே அமைக்கின்றன. கூட்டுப்புழுவாகும் பருவத்தில் அது மரத்தைக்கூடத் துளைக்கும்.

வன்னிக்கு இந்த முறை வேட்டைச் சின்னத் தொழிலாக வந்து ஊன்ற அவகாசம் இருக்கவில்லை. பெர்க்லிக் கட்டுரை வெளிவந்து நான்கே ஆண்டுகளில், 1937இல், விலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. மறு ஆண்டு வன்னியின் கரையோரத்திலுள்ள சுண்டிக்குளம் சரணாலயமானது.