சுகர் இருப்பவருக்கு சுகர் இருப்பவரே துணை... எப்படி?

'சுகர் குறைஞ்சிடுச்சு' என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். குறைந்ததே மாத்திரையால்தான் என்பதை, அதே தெருவில் சுகரோடு வாழும் ஒருவர் சொன்னால் எடுபடும். இதுதான் சக நோயாளர் ஆதரவு.

கோவில்பட்டியையே எடுத்துக்கொள்வோம். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய் ஊர் இது. 'வெல்லம்தானே, ஒண்ணும் செய்யாது' என்பார்கள். வெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். விசேஷ வீட்டில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அது அனுபவப்பட்டவருக்குத்தான் தெரியும்.

கேரளாவின் நெய்யாற்றின்கரையில், நீரிழிவு வரும் ஆபத்துள்ள 1,007 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. உள்ளூர்க்காரர்களே வழிநடத்திய குழுக்களில் காய்கறி, பழம் உண்பது கூடியது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுய உதவிக்குழுப் பெண்கள் வீட்டுக்கே மாத்திரை தருகிறார்கள். அவர்களிடமே பேச்சைத் தொடங்கலாம்.

ஒன்று மட்டும் கவனம்: மாத்திரை அளவை மாற்றுவது டாக்டர் மட்டுமே.