கறுப்புச் சேற்றில் இருக்கிறது மலையின் சரித்திரம்
(வானொலி உரை)



வனத்துறையின் அனுமதி பெற்று, கல்லூரி மாணவர்கள் சிலரை முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் ஒரு சதுப்பு நிலத்தைக் காட்ட அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு புல் மேடுகளுக்கு நடுவே பள்ளம். கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது. "ஏன் சார், சேறு பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டான் ஒரு பையன். ஓடை அரித்த கரையோரம் சரிந்து கிடந்த கறுப்பு மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பிழியச் சொன்னேன். தண்ணீர் கொட்டியது. கையில் மிஞ்சியதோ, வேரும் நாருமாகப் பழைய புல்! பார்த்துவிட்டு அங்கேயே போடச் சொன்னேன்.

நம்ம எருக்குழியில் போட்ட தழை சில மாதத்தில் மட்கிவிடுகிறது. காரணம், காற்றும் சூடும். இந்தப் பள்ளத்திலோ எந்நேரமும் தண்ணீர், குளிர். காற்றுப் படாததால் செத்த புல் முழுக்க மட்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகிறது. இதைத்தான் விஞ்ஞானிகள் 'பீட்' மண் என்கிறார்கள். ஓர் அடி படிய ஆயிரம் வருஷத்துக்கு மேலேயே ஆகும்.

ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா போன்ற இடங்களில் இந்த மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்துப் பரிசோதித்தார்கள். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலிய நம் நாட்டு விஞ்ஞானிகள் அந்த முடிவை 1993-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த விதம் விவசாயிக்குச் சுலபமாகப் புரியும். நெல், கோதுமை, மரங்கள் இவை காற்றிலுள்ள கரியை ஒரு விதமாகப் பிடிக்கின்றன. சோளம், கம்பு, கரும்பு இவை வேறு விதமாகப் பிடிக்கின்றன. சோள வகைப் புல் வறட்சியைத் தாங்கும். செடி செத்து மண்ணான பிறகும் அந்த வித்தியாசம் கரியில் தங்கியிருக்கும். எந்த அடுக்கில் எந்த வகை அதிகம் என்று பார்த்தால், அந்தக் காலத்து மழை தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்ததில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இந்த மலை வறண்டு கிடந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் நல்ல மழைக்காலம். பிற்பாடு மறுபடியும் வறட்சி. கிராமத்து அடங்கலில் எந்த வருஷம் என்ன பயிர் என்று எழுதி வைத்திருப்பதுபோல, மண்ணே எழுதி வைத்த கணக்கு இது.

ஆனால், இருநூறு ஆண்டுகளாக இந்தக் கணக்குப் புத்தகம் கிழிபட்டு வருகிறது. 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் ஓடைகளை மறித்து ஏரி கட்டினார். அந்த ஏரியிலும் ஒரு பகுதியை மூடித்தான் பிற்காலத்தில் குதிரைப் பந்தய மைதானமும் பஸ் ஸ்டாண்டும் வந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளிகளில் சீகையை ஏராளமாக நட்டார்கள். உருளைக்கிழங்கும் காரட்டும் பள்ளத்துக்கு இறங்கின. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் சதுப்புப் புல்லும் அருகிவிட்டது.

இதில் என் பங்கும் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் தன் சதுப்பு நிலத்தைக் காட்டி யோசனை கேட்டார். "ஆழமாக வாய்க்கால் வெட்டி வடித்துவிடுங்கள், புளிப்பு மண், சுண்ணாம்பு போடுங்கள்" என்று சொன்னேன். முதல் இரண்டு வருஷம் நல்ல விளைச்சல். அப்புறம் மண் காய்ந்து, வெடித்து, கீழே இறங்கிவிட்டது. தண்ணீரை வடித்ததும் உள்ளே காற்றுப் புகுந்து, ஆயிரக்கணக்கான வருஷத்துப் புல் மட்கத் தொடங்கிவிட்டது. கோடையில் கீழே இருந்த ஊற்றும் நின்றது. "சார், தண்ணி எங்கே போச்சு?" என்று அவர் கேட்டபோது நான் தலை குனிந்து நின்றேன்.

மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவது சோலையும் புல்வெளியும் சதுப்பும்தான். பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் தரும் தண்ணீரும், பவானிசாகர் வழியாகக் கோபி வயலுக்குப் பாயும் தண்ணீரும் இந்த மலையிலிருந்து இறங்குவதே. ஆகவே இது மலை விவசாயிக்கு மட்டுமான சங்கதி அல்ல.

சொந்த நிலத்தில் சதுப்பு இருந்தால் அதில் வடிகால் வெட்ட வேண்டாம். வெட்டிய வாய்க்கால் இருந்தால் அங்கங்கே மண் போட்டு மறித்துவிடுங்கள். ஓரத்தில் சீகை, கற்பூர மரம் நட வேண்டாம். காய்கறியைச் சரிவான மேட்டில், படிமட்டம் அமைத்துப் பயிரிடுங்கள். பள்ளத்தைப் புல்லுக்கே விட்டுவிடுங்கள்.

திரும்பி வரும்போது அந்தப் பையன், "சார், எங்க தோட்டத்துக்குக் கீழேயும் இப்படி ஒரு சேறு இருக்கு. அப்பா அடுத்த மாசம் வாய்க்கால் வெட்டப் போறார்" என்றான். "அப்பாகிட்ட நான் வந்து பேசுகிறேன்" என்றேன். அவருக்குச் சொல்லப்போவதைத்தான் இன்று உங்களுக்கும் சொன்னேன்.