நான்கு பலகைகள், ஓர் அணி

கோட்டைப்பட்டினம் வழியே வடக்கு நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை மாமல்லபுரத்தைத் தொட்டுச் சென்னையை அடைகிறது. அந்த மாமல்லபுரத்தில் 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது.

மகளிருக்கான ஒலிம்பியாடு 1957இல் நெதர்லாந்தின் எம்மன் நகரில் தொடங்கியது. இன்றைய முறைப்படி, ஒவ்வொரு சுற்றிலும் நால்வர் எதிரணியின் நால்வரோடு பொருதுவர். ஐந்தாமவர் மாற்று ஆட்டக்காரராகக் காத்திருப்பார். வெற்றிக்கு ஒரு புள்ளி, சமனுக்கு அரைப்புள்ளி. ஒருவருடைய திறமை எத்துணை பெரிதாயினும், பிறருடைய உறுதியின்றி அணி வெல்லாது.

மாமல்லபுரத்தில் இந்திய மகளிர் முதல் அணியில் கோனேரு ஹம்பி, ஹரிகா, சென்னையைச் சேர்ந்த வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகியோர் இடம்பெற்றனர். ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக ஆட வந்தார். ஹங்கேரிக்கு எதிராக மற்ற மூவரும் சமன் செய்ய, தானியாவின் வெற்றியே அணிக்கு வாகை சூட்டியது. பத்துச் சுற்றுகளின் முடிவில் இந்தியா முதலிடத்தில் நின்றது. ஆயினும் இறுதிச் சுற்றில் அமெரிக்காவிடம் 1-3 எனத் தோற்றது. தங்கம், போரின் நெருப்பில் தவித்த உக்ரைனுக்கு, வெள்ளி ஜார்ஜியாவுக்கு, வெண்கலம் இந்தியாவுக்கு. ஒலிம்பியாடு மகளிர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. எனினும், கைக்கெட்டிய தங்கம் நழுவிய வேதனை எளிதில் ஆறக்கூடியதன்று.

சதுரங்கம் ஆடுவோரின் பாதுகாவலி புனித அவிலா தெரேசாள். நிறைவாழ்வின் வழியைத் தம் சகோதரிகளுக்குக் கற்பிக்கையில், அவர் இந்த ஆட்டத்தையே உவமையாகக் கையாண்டார். விண்ணக அரசரை நம்பால் பணிய வைக்கும் ராணி தாழ்ச்சியே என்பது அவர் கருத்து. தாழ்ச்சி என்பது தோல்வியில் துவண்டு கிடப்பதன்று. தன் குறையை ஏற்று மீண்டும் பலகைமுன் அமர்வதாகும்.

2024 செப்டம்பரில் புடாபெஸ்டு நகரில் ஹரிகாவும் வைஷாலியும் தானியாவும் மீண்டும் அமர்ந்தனர். திவ்யா தேஷ்முக், வந்திகா அகர்வால் ஆகிய இளையோர் உடன் நின்றனர். எட்டாம் சுற்றில் போலந்திடம் தோற்றும் அணி தளரவில்லை. இறுதிச் சுற்றில் அசர்பைஜானை 3.5-0.5 என வென்று, இந்திய மகளிர் முதன்முறையாகத் தங்கம் பெற்றனர்.

அந்த இறுதிச் சுற்றில் தானியா ஆடவில்லை. எனினும் அணியின் தங்கம் அவருக்கும் உரியதே. உழைப்பவரையும் காத்திருப்பவரையும் ஒரே உடலின் உறுப்புகளாக ஏற்கும் மனம் நம் இல்லங்களிலும் பங்குகளிலும் வேரூன்றுமாயின், நாம் பெறும் வெற்றிக்கு அளவேது?