பீங்கான் ஊரும் காசநோய் மருத்துவமும்

பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்றது விருத்தாசலம். அத்தொழிலில் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலிற் படியின் காசநோய் எளிதிற் பற்றும். (இவ்வூர்ப் பெயரையே இயற்பெயராகக் கொண்ட புதுமைப்பித்தனும் 1948-இல் அந்நோய்க்கே இரையானார்.) கூலியை விட்டு ஓராண்டு மருத்துவமனையிற் கிடத்தல் தொழிலாளர்க்கு இயலுமோ? விடை சென்னையிற் கிடைத்தது. அங்கு 1956-இல், மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் தொடங்கிய ஆய்வில், ஏழை நோயாளருள் ஒரு சாரார் மருத்துவமனையிலும் மறுசாரார் தம் இல்லத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உண்டனர். 1959-இல் வெளிவந்த முடிவு பழங்கொள்கையை அசைத்தது. நல்லுணவும் ஓய்வும் குறைந்த இல்லத்தாரும் ஏறத்தாழ ஒப்பவே நலமுற்றனர். உடனுறைந்தோர்க்கும் அதனால் தொற்று மிகவில்லை எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இதனை மருந்தின் வெற்றி என்று மட்டும் கூறுதல் பொருந்தாதென்பது எம் கருத்து. நிலையத்தார் முன்னறிவிப்பின்றி இல்லந்தோறும் சென்று, எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.