பெயர்ப்பலகை எழுதியவர்

கோட்டையூர்ப் பிள்ளைகளை ஊரைவிட்டுக் கொண்டுபோனது கடைதான். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த காலம் அது. கணக்கெழுதத் தெரிந்த பையன் பெட்டியடியில் உட்காரக் கப்பலேறுவான். கெட்டிக்காரனாக இருந்தால் அடுத்தாள், பிறகு மேலாள். மூன்று வருஷத் தவணை முடிந்து ஊருக்கு வருவான். சில நாள் இருந்துவிட்டு மறுபடியும் பயணம். ஊரில் ஆச்சிமார்களும் பெரிய வீடுகளும் மிஞ்சும். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, அகப்பட்ட வழியில் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். வந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஊரில் என்ன பிழைப்பு?

இதற்குப் பெரிய விடை ஒன்றைக் கோட்டையூர்க்காரரே சொன்னார். 1909-இல் அங்கே பிறந்த அழகப்பச் செட்டியார், 1947-இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். விஞ்ஞானிகள் இந்தச் செம்மண் சீமையைத் தேடி வந்தார்கள். இது ஊரறிந்த கதை. எனக்குப் பிடித்தது சின்னக் கதை.

அதே ஊரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுவது தொழில். புதுக் கடை திறந்தால் பலகை வேண்டும். வெயிலிலும் மழையிலும் எழுத்து மங்கினால் மறுபடி எழுத வேண்டும். பெரிய வருமானமில்லை. ஆனால் படிப்பு ருசி கண்ட மனிதருக்குக் கைகொடுத்தது இந்தக் கடைத்தெருப் பிழைப்புத்தான் என்பது என் எண்ணம். படித்தவர் என்றால் பட்டம் வாங்கியவர் என்றே நினைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

அவர் புத்தகம் சேர்த்தார். இலக்கியம், வைத்தியம், பாட்டுப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை! பழைய காகிதக்காரன் தராசில் நிறுத்து எடுத்துப்போவதையெல்லாம் அவர் சரித்திரமாகப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி சேர்ந்தன. வெளியூரிலிருந்தெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். போய்க்கொண்டேயிருந்த ஊருக்கு, கல்வியை முன்னிட்டு ஆட்கள் வந்தார்கள்.

1992-இல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல், 1994-இல் சென்னையில் அவர் பெயராலேயே நூலகமாக்கியது. புத்தகங்கள் பிழைத்தன, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கப்பலேறிய பிள்ளைகளைப்போல அவையும் ஊரைவிட்டுப் போய்விட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் பழைய தூண்களும் பாத்திரங்களும் விலைக்குக் கிடைக்கின்றன. கோட்டையூர்க்காரர் கட்டிக்காத்த காகிதத்தைப் பார்க்கவேண்டுமானால், இன்று தரமணிக்குப் போகவேண்டும்.